மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

(வானொலி ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)

எருசலேமைச் சுற்றிப் பாபிலோனியப் படை முகாமிட்டிருக்கிறது. நகருக்குள் அப்பம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறது. காவல்கூடத்தின் முற்றத்தில் கைதியாக அடைபட்டுக் கிடக்கிறார் இறைவாக்கினர் எரேமியா. அந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள தம் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறார். எதிரியின் படை நடமாடும் நாட்டுப்புறத்தில் ஒரு துண்டு நிலம். வேலி கட்டவும் முடியாது, ஏர் பூட்டவும் முடியாது. நம்மில் யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.

எரேமியா சிரிக்கவில்லை. 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறார், சாட்சிகளைக் கூப்பிட்டுக் கையொப்பம் வாங்குகிறார். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும் தம் எழுத்தர் பாரூக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நகரம் விழப்போகிறது என்று வேறு எவரையும்விட உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். அதற்காகத்தான் சிறையிலும் இருந்தார். அப்படிப்பட்டவர் நிலப்பத்திரம் எழுதுவதில் இவ்வளவு கவனம் காட்டுகிறார். எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். வீட்டுக்குப் போனதும் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

ஞாயிறு மன்றாட்டுகளில், படையெடுப்புக்கு உள்ளான நாடுகளின் பெயரைச் சொல்லி நாம் செபிக்கிறோம். உலகத் தலைவர்கள் கண்டனம் தெரிவிக்கிறார்கள், அவைகளில் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள், தூதர்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே நாளில் அங்கே குண்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் காகிதத்தால் என்ன பயன் என்ற கேள்வி நம் எல்லார் மனத்திலும் எழுகிறது. அதைத் தவறான கேள்வி என்று ஒதுக்க முடியாது. காகிதத்தைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாமல் 50 ஆண்டுகள் இருந்த ஒரு கத்தோலிக்க நாட்டின் கதையை இன்று பார்ப்போம். அதன் பெயர் லித்துவேனியா.

பால்டிக் கடலோரம், எஸ்தோனியா, லாத்வியா என்ற இரு நாடுகளுக்குத் தெற்கே உள்ள சிறிய நாடு. 1918ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் தன் விடுதலையை அறிவித்தது. 1927ல் திருப்பீடத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 1940ல் அங்கே ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள். அவர்களுக்குத் தெரியாமலேயே, 1939 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் நாடும் ஓர் இரகசிய இணைப்பு எழுதி, நடுவில் இருந்த நாடுகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. லித்துவேனியா முதலில் ஜெர்மனியின் பங்கில் இருந்தது. செப்டம்பரில் வரைபடத்தில் மீண்டும் கோடு போட்டு அதைச் சோவியத் பங்குக்கு மாற்றினார்கள். ஆட்டுச்சந்தையில்கூட ஆட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கைமாற்றுவார்கள்.

1940ஆம் ஆண்டு ஜூன் 14. அன்று பாரிஸ் நகருக்குள் ஜெர்மானியப் படை நுழைந்தது. உலகத்தின் கண் முழுவதும் அங்கே. அதே இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன், மாஸ்கோவிலிருந்த லித்துவேனிய வெளியுறவு அமைச்சர் உர்ப்ஷிஸின் கையில் ஓர் இறுதி எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. மறுநாள் காலைக்குள் பதில் வேண்டும். மறுநாளே செம்படை எல்லையைத் தாண்டியது. அரசுத்தலைவர் ஸ்மெத்தோனா நாட்டை விட்டு வெளியேறினார்.

இனி நடந்ததை நாம் கவனித்துப் பார்க்கவேண்டும். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு வாளை உருவிக்கொண்டு போய்ப் பிடுங்கவில்லை. அரசி ஈசபேல் அரசனின் முத்திரையிட்டு மடல்கள் எழுதினாள், சபையைக் கூட்டச் சொன்னாள், சாட்சிகளை ஏற்பாடு செய்தாள். எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியில் நாபோத்துதான் உயிரோடு இல்லை. லித்துவேனியாவிலும் அப்படித்தான். ஜூலை நடுவில் ஒரு தேர்தல் வைத்தார்கள், ஒரே ஒரு வேட்பாளர் பட்டியலோடு. அப்படி உருவான 'மக்கள் அவை', எங்களைச் சோவியத் ஒன்றியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூலை 21ஆம் நாள் கேட்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் மாஸ்கோ அந்த விண்ணப்பத்தைப் பெரிய மனத்தோடு ஏற்றுக்கொண்டது. திருடுகிறவருக்கும் பத்திரம் தேவைப்படுகிறது. எடுத்துக்கொண்டது தனக்குச் சொந்தம் என்று யாராவது சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

சொல்ல மறுத்தவர்கள் இருந்தார்கள். 1940 ஜூலை 23ஆம் நாள், அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணைச்செயலர் சம்னர் வெல்ஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார். மிகச் சிறிய அறிக்கைதான். வலிமையுள்ள அண்டைநாடு ஒன்று மூன்று சிறு குடியரசுகளின் விடுதலையைத் திட்டமிட்டு அழித்துவிட்டது, இதை நாங்கள் ஏற்கவில்லை என்பது அதன் சாரம். மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்தபோது, 1932ல் ஸ்டிம்சன் என்ற வெளியுறவுச் செயலர் வகுத்த கொள்கையின் தொடர்ச்சி அது. வல்லந்தமாகப் பறித்ததற்கு உரிமைப் பட்டா எழுதித் தரமாட்டோம் என்ற கொள்கை. அதற்கு எட்டு நாள்களுக்கு முன்பே, அமெரிக்க வங்கிகளில் இருந்த பால்டிக் நாடுகளின் பணத்தையும் பொன்னையும் முடக்கியிருந்தார் அரசுத்தலைவர் ரூஸ்வெல்ட். சோவியத் கைக்கு அது போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பின்னால் அது வேறொரு வகையில் உதவியது.

திருப்பீடமும் அந்த இணைப்பை ஒருபோதும் ஏற்கவில்லை. கவுனஸ் நகரில் இருந்த திருப்பீடத் தூதர் பேராயர் லுயிஜி செந்தோஸ், ஆகஸ்டில் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். ஆனால், உரோமையில் திருப்பீடத்திற்கென்று இருந்த லித்துவேனியத் தூதர் ஸ்தாசிஸ் கிர்த்வாய்னிஸை யாரும் வெளியேறச் சொல்லவில்லை. அவரை அனுப்பிய அரசு இல்லை, அவருக்குச் சம்பளம் கொடுக்க அமைச்சகம் இல்லை. ஆனாலும் திருத்தந்தை 12ம் பயஸ் அவரைத் தூதராகவே நடத்தினார். அதே ஆண்டில்தான் வத்திக்கான் வானொலி லித்துவேனிய மொழியில் பேசத் தொடங்கியது.

இத்தாலிய அரசு வேறுவிதமாக நடந்துகொண்டது. உரோமையின் நொமெந்தானா சாலையில் 'வில்லா லித்துவேனியா' என்று பெயர்கொண்ட ஒரு மாளிகை, இத்தாலிக்கான லித்துவேனியத் தூதரகமாக இருந்தது. முசோலினியின் அரசு அதைச் சோவியத் தூதரகத்துக்குக் கொடுத்துவிட்டது. அங்கே தூதராக இருந்தவர், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஸ்தாசிஸ் லோசொராய்ட்டிஸ். பெட்டி படுக்கையோடு குடும்பம் வெளியே வந்தது. நாடு விழுவதற்குச் சில நாள்களுக்கு முன், ஜூன் மாதத் தொடக்கத்தில், அமைச்சர் உர்ப்ஷிஸிடமிருந்து லித்துவேனியத் தூதர்களுக்கு ஒரு தந்தி போயிருந்தது. நாட்டுக்கு ஏதேனும் நேர்ந்தால், வெளிநாடுகளில் உள்ள தூதர்கள் அனைவருக்கும் லோசொராய்ட்டிஸ் தலைவராக இருப்பார் என்றது அது. எரேமியாவின் மண்பாண்டம் நமக்கு நினைவுக்கு வருவது இந்தத் தந்தியால்தான். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு அவர் 43 ஆண்டுகள் வாழ்ந்தார். 1983ல் உரோமையில் இறந்தார். தம் நாட்டை மறுபடி பார்க்கவில்லை.

இதற்கிடையில் உள்ளே இருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதைச் சுருக்கமாகவாவது சொல்லவேண்டும். 1941 ஜூன் நடுவில், ஒரே வாரத்தில் ஏறத்தாழ 17,000 பேர் மாட்டு வண்டிப் பெட்டிகள் பூட்டிய தொடர்வண்டிகளில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அந்த மாதமே ஜெர்மானியர் வந்தனர். அவர்கள் ஆண்ட மூன்று ஆண்டுகளில், லித்துவேனிய யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்தப் பாவத்தில் உள்ளூர்க் கைகளும் இருந்தன. துன்புற்ற நாடு என்பதற்காக இதை மறைப்பது நேர்மையாகாது. 1944ல் செம்படை மீண்டும் வந்தது. அருள்பணியாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறைக்கோ முகாமுக்கோ அனுப்பப்பட்டனர். தெல்ஷியாய் ஆயர் பொரிசேவிச்சியுஸ் 1946ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பேராயர் ரெய்னிஸ் 1953ல் சிறையில் இறந்தார். ஆண்டுக்கணக்கில் சிறையும் முகாமும் கண்ட பேராயர் மத்துலியோனிஸ் 1962ல் இறந்தார். 2017ல் வில்னியஸ் நகரில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். வில்னியஸ் பேராலயம் ஓவியக்கூடமானது. புனித கசிமீர் கோவிலை நாத்திக அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

வாஷிங்டனில் 16ஆம் தெருவில் லித்துவேனியத் தூதரகத்தின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுத் தூதர்களின் பட்டியலை அமெரிக்க அரசு வெளியிடும்போதெல்லாம் லித்துவேனியாவின் பெயரும் அதில் இருக்கும். அது கொடுத்த கடவுச்சீட்டை ஏற்றார்கள். செலவுக்கு, 1940ல் முடக்கிய அதே பணம். வயதான தூதர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள், புதியவர்களை நியமிக்க அரசு இல்லை. ஒரு கட்டத்தில் லித்துவேனியாவின் பணம் தீர்ந்தேபோனது. அப்போது லாத்வியாவின் கணக்கிலிருந்து கடன் கொடுத்தார்கள். இல்லாத நாடு ஒன்று, இல்லாத இன்னொரு நாட்டுக்குக் கடன் கொடுத்தது! அமெரிக்க அரசு அச்சிட்ட வரைபடங்களின் ஓரத்தில், இந்த மூன்று நாடுகளும் சோவியத் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டதை நாங்கள் ஏற்கவில்லை என்ற குறிப்பு ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கவேண்டும். ஆனால் இருந்தது.

காகிதம் தோற்ற இடமும் உண்டு. 1970 நவம்பர் 23ஆம் நாள், மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் ஒரு சோவியத் மீன்பிடிக் கப்பலும், 'விஜிலன்ட்' என்ற அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கப்பலும் அருகருகே நின்றன. மீன்பிடி பற்றிப் பேச்சுவார்த்தை. சிமாஸ் குதிர்க்கா என்ற லித்துவேனிய மாலுமி அமெரிக்கக் கப்பலுக்குத் தாவினார், அடைக்கலம் கேட்டார். மேலதிகாரிகள் கட்டளையின் பேரில், சோவியத் ஆள்களை அந்தக் கப்பலுக்குள்ளேயே வரவிட்டு, அவரை அடித்துக் கட்டித் தூக்கிப்போக அனுமதித்தார்கள். அவர் பிறந்த மண்ணைச் சோவியத்துக்குச் சொந்தமல்ல என்று 30 ஆண்டுகளாகச் சொல்லிவந்த நாட்டின் கப்பல் அது. குதிர்க்காவுக்கு 10 ஆண்டுச் சிறை. அவருடைய தாய் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் என்பது பிறகு தெரியவந்தது. அந்தப் பிறப்புச் சான்றைப் பிடித்துக்கொண்டு போராடியதில் 1974ல் விடுவிக்கப்பட்டார். அடிபட்டபோது காப்பாற்றாத காகிதம், பிறகு சிறைக்கதவைத் திறந்தது.

மற்ற நாடுகளும் ஒரே சீராக இருக்கவில்லை. சுவீடன் 1940லேயே பால்டிக் பொன்னைச் சோவியத் நாட்டிடம் ஒப்படைத்தது. பிரிட்டன் இணைப்பைச் சட்டப்படி ஏற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, 1960களின் இறுதியில் தன்னிடம் இருந்த பால்டிக் பொன்னை விற்று, மாஸ்கோவுடனான கணக்கைத் தீர்த்துக்கொண்டது. இரண்டு நாடுகளும் 1990களில் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தன. 1974ல் ஆஸ்திரேலியா, பழைய கதை நமக்கெதற்கு என்று இணைப்பை ஏற்றது. மறு ஆண்டு அரசு மாறியதும் அந்த ஏற்பும் திரும்பப் பெறப்பட்டது. புலம்பெயர்ந்த லித்துவேனியர்களுக்குள்ளும் உண்மையான பிரதிநிதி யார் என்று ஓயாத சண்டை இருந்தது. நாட்டை இழந்தவர்கள் நாற்காலிக்காக அடித்துக்கொள்வது நாம் கேள்விப்படாத ஒன்றல்ல.

திருப்பீடத்தைப் பற்றியும் நாம் திறந்த மனத்தோடு பேசவேண்டும். 1958ல் 12ம் பயஸ் இறந்தார். புதிய திருத்தந்தையிடம் தூதர்கள் புதிய நம்பிக்கைச் சான்றுகளைக் கொடுக்கவேண்டும். கையொப்பமிட அரசுத்தலைவரே இல்லாத நாட்டின் தூதர் எதைக் கொடுப்பார்? போலந்தின் பழைய தூதருக்கும் லித்துவேனியத் தூதருக்கும் பட்டம் குறைந்தது, அவர்கள் பொறுப்பாளர்களாக மட்டும் தொடர்ந்தார்கள். போலந்தின் அந்தப் பணி 1972ல் முடிந்தது. லித்துவேனியாவின் பணி தொடர்ந்தது. திருப்பீட ஆண்டேட்டில் அதன் பெயர் இருந்தது. 1970 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர், நாம் முன்பு பார்த்த லோசொராய்ட்டிஸின் மகன். அவருக்கும் தந்தையின் பெயர்தான், ஸ்தாசிஸ். அவர் தம்பி கசிஸ், வத்திக்கான் வானொலியின் லித்துவேனியப் பிரிவில் பணியாற்றினார். போரின்போது பிரிந்த மறைமாவட்ட எல்லைகளைக்கூடத் திருப்பீடம் தொடவில்லை. வில்னியஸ் உயர்மறைமாவட்டத்தின் ஒரு பகுதி போலந்திலும் இன்னொரு பகுதி பெலாருசிலும் கிடந்தது. சட்டப்படி அந்த எல்லை 1991 வரை பழைய எல்லையாகவே இருந்தது.

ஆனால் அதே ஆண்டுகளில்தான், கம்யூனிச அரசுகளோடு பேச்சுவார்த்தை நடத்தும் கொள்கையை வத்திக்கான் மேற்கொண்டது. பேராயர் கசரோலி 1971ல் மாஸ்கோவுக்கே சென்று வந்தார். ஆயர்கள் இல்லாமல் திருஅவை அழிந்துவிடக்கூடாது என்ற கவலை அதற்குக் காரணம். சிறைக்குள் இருந்தவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? எங்களைச் சிறைவைத்தவர்களோடு நம் தாய்வீடு விருந்துண்கிறதா என்று லித்துவேனியக் குருக்கள் வருந்தினார்கள், எழுதவும் செய்தார்கள். யார் சொன்னது சரி? கசரோலி பேசியதால் சில கதவுகள் திறந்தன. லித்துவேனியர்கள் குமுறியதால், திறக்காத கதவுகளை உரோமை மறக்காமல் இருந்தது. நம்மைக் கேட்டால், இரண்டாவது குரல் இல்லாதிருந்தால் முதலாவது வெறும் வியாபாரமாகப் போயிருக்கும்.

அந்தக் குரல் எப்படி வெளியே வந்தது என்பது தனிக்கதை. 1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சமயச் சுதந்திரம் கேட்டு ஒரு மனுவில் 17,000க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் கையொப்பமிட்டார்கள். பெயரும் முகவரியும் எழுதினால் வேலை போகும், பிள்ளையின் படிப்பு போகும் என்று தெரிந்தே எழுதினார்கள். அதே ஆண்டு மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழா அன்று, சிம்னாஸ் என்ற சிற்றூரில் சிகித்தாஸ் தம்கெவிச்சியுஸ் என்ற இளம் அருள்பணியாளர் 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருஅவையின் நாளேடு' என்ற இரகசிய இதழைத் தொடங்கினார். எந்தக் கோவில் இடிக்கப்பட்டது, எந்தப் பிள்ளை மறைக்கல்விக்குப் போனதற்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டது, எந்தக் குருவுக்கு எவ்வளவு அபராதம் என்று நாள், ஊர், பெயர் விடாமல் எழுதினார்கள். தட்டச்சில் கார்பன் தாள் வைத்துப் படியெடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். நுண்படச் சுருளாக்கி மேற்குலகுக்குக் கடத்தினார்கள். அங்கிருந்து அது வத்திக்கான் வானொலியில் வாசிக்கப்பட்டது. தங்கள் ஊர்க் கோவிலில் நடந்த கொடுமையை, உரோமையிலிருந்து வந்த குரல் பெயர் சொல்லிப் பேசுவதை, இரைச்சலுக்கு நடுவே காதை ஒட்டவைத்துக் கேட்டார்கள் மக்கள். ஒலிபரப்பைக் கெடுக்கச் சோவியத் அரசு செலவிட்ட மின்சாரமே அந்தக் குரலுக்குக் கிடைத்த நற்சான்று.

1974ல் நியோலே சதூநைத்தே என்ற அருள்சகோதரி அந்த இதழைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பிடிபட்டார். மூன்று ஆண்டு கடும் முகாம், மூன்று ஆண்டு நாடுகடத்தல். 1983ல் தம்கெவிச்சியுஸ் கைதானார். இதழ் நிற்கவில்லை. 1989 வரை 81 இதழ்கள் வந்தன. தம்கெவிச்சியுஸ் பின்னர் கவுனஸ் பேராயரானார், 2019ல் கர்தினாலானார்.

இங்கேதான் அந்த இரு காகிதங்களும் சந்திக்கின்றன. உள்ளே, கார்பன் தாளில் எழுதிய உண்மை. வெளியே, இந்த நாடு இன்னும் இருக்கிறது என்று சொன்ன தூதரகத் தாள். வெளியே உள்ளது இல்லாவிட்டால், உள்ளே உள்ளதை ஏதோ ஒரு மாநிலத்தின் உள்விவகாரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். உள்ளே உள்ளது இல்லாவிட்டால், வெளியே உள்ளது வெறும் சம்பிரதாயம்.

1978ல் போலந்து நாட்டவர் ஒருவர் திருத்தந்தையானார். புனித இரண்டாம் ஜான்பால், தம் கர்தினால் சிவப்புத் தொப்பியை வில்னியஸ் விடியல் வாயில் அன்னையின் திருத்தலத்துக்கு அனுப்பிவைத்தார். 1984ல், நாட்டின் பாதுகாவலர் புனித கசிமீர் இறந்த 500ஆம் ஆண்டுக்கு அவரே போக விரும்பினார். மாஸ்கோ அனுமதிக்கவில்லை.

1990 மார்ச் 11. லித்துவேனிய நாடாளுமன்றம் விடுதலையை மீண்டும் நிலைநாட்டுவதாக அறிவித்தது. 'மீண்டும்' என்ற அந்தச் சொல்தான் முக்கியம். நாங்கள் சோவியத்திலிருந்து பிரியவில்லை, அதில் ஒருபோதும் சேர்ந்ததே இல்லை என்றார்கள். 50 ஆண்டுகளாக உலகம் வைத்திருந்த பத்திரத்தை எடுத்துக் காட்டும் நேரம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் உலகம் தயங்கியது. வெல்ஸ் அறிக்கையை அரை நூற்றாண்டாகக் காத்த அமெரிக்கா, கோர்பச்சேவுக்குத் தொல்லை வரக்கூடாது என்று புதிய அரசை ஏற்காமல் தள்ளிப்போட்டது. பிரான்சின் மித்தரானும் ஜெர்மனியின் கோலும், உங்கள் அறிவிப்பைச் சிறிதுகாலம் நிறுத்திவையுங்கள் என்று லித்துவேனியத் தலைவர் லண்ட்ஸ்பெர்கிஸுக்குக் கூட்டாக மடல் எழுதினார்கள். மாஸ்கோ எண்ணெயை நிறுத்தியது. பத்திரத்தைப் பானைக்குள் வைத்துக் காப்பவர்களுக்கு, பானையைத் திறப்பதற்கு மனம் வருவதில்லை.

1991 ஜனவரி 13ஆம் நாள் அதிகாலை, வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சோவியத் கவச வண்டிகள் தாக்கின. ஆயுதம் ஏதுமின்றி நின்ற 14 பேர் உயிரிழந்தனர். நாடாளுமன்றத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான மக்கள் தீமூட்டிக் குளிர்காய்ந்தபடி, செபமாலை சொல்லிக்கொண்டும் பாடிக்கொண்டும் நின்றார்கள். நாடாளுமன்றம் விழுந்தால் வெளிநாட்டில் அரசு அமைக்கும் அதிகாரத்தோடு, வெளியுறவு அமைச்சர் சௌதர்காஸ் போலந்தில் காத்திருந்தார். 1940ன் தந்தி போலவே இன்னொரு தாள்!

அந்த நாள்களில் துணிந்து அங்கே சென்றவர், ஐஸ்லாந்தின் வெளியுறவு அமைச்சர் யோன் பல்தவின் ஹன்னிபல்சன். கான்கிரீட் கட்டிகளாலும் முள்கம்பிகளாலும் சூழப்பட்ட நாடாளுமன்றத்துக்கு அவர் சென்றார். ஐஸ்லாந்துக்குச் சொந்தமாகப் படையே கிடையாது. மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டரை இலட்சம். தன் மீனைச் சோவியத்துக்கு விற்று, எண்ணெயை அங்கிருந்து வாங்கிவந்த நாடு. 1991 பிப்ரவரி 11ஆம் நாள் அதன் நாடாளுமன்றம், லித்துவேனியாவுக்கு ஐஸ்லாந்து கொடுத்திருந்த ஏற்பு இன்னும் செல்லுபடியாகும் என்று தீர்மானித்து, தூதரக உறவைத் தொடங்கவும் முடிவெடுத்தது. மாஸ்கோ தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வல்லரசுகள் ஆலோசித்துக்கொண்டிருந்தபோது மீன்காரர்கள் எழுந்து நின்றார்கள். கலிலேயக் கடலோரத்தில் நடந்ததை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. வில்னியஸில் இன்று 'ஐஸ்லாந்து தெரு' என்று ஒரு தெரு இருக்கிறது.

ஆகஸ்டில் மாஸ்கோ ஆட்சிக்கவிழ்ப்பு தோற்றதும் எல்லாம் விரைந்து நடந்தது. செப்டம்பர் 2ல் அமெரிக்கா, 6ல் சோவியத் ஒன்றியமே, 17ல் ஐக்கிய நாடுகள் அவை. செப்டம்பர் 30ஆம் நாள் திருப்பீடம் முழுமையான தூதரக உறவைப் புதுப்பித்தது. பால்டிக் நாடுகளை உலகம் இவ்வளவு வேகமாக ஏற்றதற்கு ஒரு காரணம், புதிதாக எதையும் எழுதவேண்டியிருக்கவில்லை என்பதுதான். பழைய பத்திரத்தின் தூசியைத் தட்டினால் போதுமாயிருந்தது. ஆனால், பத்திரத்தைக் காத்தவர்களின் எண்ணிக்கையையும், கோபுரத்தடியில் நின்றவர்களின் எண்ணிக்கையையும் ஒன்றாக வைக்க முடியாது. விலை கொடுத்தவர்கள் இரண்டாமவர்கள்.

1993 ஆகஸ்ட் 31ஆம் நாள், கடைசி இரஷ்யப் படைவீரர்கள் லித்துவேனியாவை விட்டு வெளியேறினார்கள். நான்கு நாள்கள் கழித்து, செப்டம்பர் 4ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் வில்னியஸில் வந்திறங்கினார். சோவியத் அரசு 1961 முதல் புல்டோசர் வைத்து இடித்தும், இரவோடு இரவாக மக்கள் மீண்டும் மீண்டும் நட்ட ஆயிரமாயிரம் சிலுவைகள் கொண்ட ஷௌலியாய் சிலுவைக் குன்றில், 7ஆம் நாள் அவர் செபித்தார்.

மகன் லோசொராய்ட்டிஸ் அதே ஆண்டில் அரசுத்தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். வாழ்நாளின் பெரும்பகுதி வெளியே இருந்தவரை மக்கள் முழுவதுமாய்த் தங்களவராகப் பார்க்கவில்லை. முன்னாள் கம்யூனிஸ்ட் தலைவர் பிரசௌஸ்காஸ் வென்றார். அடுத்த ஆண்டே மகன் வாஷிங்டனில் இறந்தார். தம்பி கசிஸ், புதிய லித்துவேனியாவின் முதல் தூதராகத் திருப்பீடத்தில் அமர்ந்தார். நொமெந்தானா சாலை மாளிகை மட்டும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இஸ்ரயேல் மக்கள் எகிப்திலிருந்து புறப்பட்டபோது யோசேப்பின் எலும்புகளைக் கூடவே எடுத்துச் சென்றார்கள். யாக்கோபு முன்பே விலைகொடுத்து வாங்கியிருந்த நிலத்தில், செக்கேமில், அவற்றை அடக்கம் செய்தார்கள். 1999ல் தந்தை, மகன் ஆகிய இரு லோசொராய்ட்டிஸ்களின் உடல்களும் கடல்கடந்தும் எல்லைகடந்தும் லித்துவேனியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, கவுனஸ் நகரின் பெத்ராசியூனாய் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன.